பகடையைத் திட்டுவதற்கு முன்

கேள்வி: நண்பர்களுடன் சிற்றுருவப் படைகளை வைத்து டி.பி.ஏ. (பழங்காலப் போர்களை மேசையில் ஆடும் விளையாட்டு) விதிகளின்படி ஆடுகிறேன். என் மாசிடோனிய நீள ஈட்டிப்படைக்கு ரோமானிய வாள்வீரர்களைவிட மதிப்பு அதிகம். இருந்தும் இரண்டு புள்ளி குறைந்ததற்கே என் பிரிவு அழிந்துவிட்டது. பகடையை நம்பி எப்படிப் போர் நடத்துவது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: பகடையை விடுங்கள். அந்தப் பிரிவின் விலாவில் யார் நின்றார்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. என் சந்தேகமே அங்கேதான்.

சமதரையில் ஈட்டிக்கு 3, பின்வரிசை ஆதரவுக்கு 3, ஆக 6. வாளுக்கு 5. இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டிக் கூட்டுகிறீர்கள். தோற்றவர் பின்வாங்குவார், எதிரியின் எண்ணில் பாதியோ அதற்கும் குறைவோ எடுத்தால்தான் சாவு. உங்கள் சிறும எண் 7, அவருடைய பெரும எண் 11. ஆகவே நேருக்கு நேர் நின்று வாள்வீரரால் உங்களைக் கொல்லவே முடியாது! 36 வாய்ப்பில் 10-இல் பின்வாங்குவீர்கள், அவ்வளவுதான்.

இப்போது இன்னொரு ரோமானியப் பிரிவு பக்கவாட்டில் வந்து ஒட்டட்டும். உங்களுக்கு ஒன்று குறைந்து 5-க்கு 5. தோல்வி 36-இல் 15 ஆகிறது. அதைவிடக் கொடுமை, விலாவில் எதிரி ஒட்டியிருக்கும்போது பின்வாங்க நேர்ந்தால் பிரிவு அழிந்துபோகும். அந்தப் பதினைந்தும் சாவுதான்.

இது அநியாயம் என்பீர்கள். உண்மைப் போரிலும் இதுதான் நடந்தது. கி.மு. 197-இல் கிரேக்க நாட்டுச் சைனோசெபலேயில் மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப்பின் வலப்பக்க ஈட்டிப்படை ரோமானியரை மலைச்சரிவில் கீழே தள்ளிக்கொண்டு போனது. மறுமுனையில் வென்றுகொண்டிருந்த ரோமானியரிலிருந்து ஒரு படையதிகாரி இருபது மேனிப்பிள்களை (ரோமானியச் சிறு படைப்பிரிவுகளை) பிரித்து, அந்த ஈட்டிக்காரர்களின் முதுகில் பாய்ந்தார். (அவர் பெயரைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை!) ஐந்து மீட்டருக்கும் நீண்ட சரிசா ஈட்டியை ஏந்தி நெருக்கியடித்து நிற்பவன் எப்படித் திரும்புவான்? ஒவ்வொரு வீரனின் காயத்தையும் எண்ணும் விதிகள் சிலருக்குப் பிடிக்கும். எனக்குப் பொறுமை இல்லை. குன்றின்மேல் நிற்கும் தளபதிக்கு அணி உடைந்ததா இல்லையா என்பதுதான் தெரியும்.

ஈட்டி வரிசையின் இரு ஓரங்களிலும் காவல் வையுங்கள். கரடுமுரடான நிலத்துக்குள் அதை இறக்கவே இறக்காதீர்கள்; அங்கே பின்வரிசை ஆதரவின் 3 கிடையாது, நிலத்துக்காக இன்னும் 2 குறையும், உங்கள் 6 வெறும் 1 ஆகிவிடும். அடுத்த கடிதத்தில் படைகள் நின்ற நிலையை வரைந்து அனுப்புங்கள்.