அப்பளமாகும் தாளும் அகச்சிவப்புக் கதிரும்

கேள்வி: தாத்தா சேர்த்துவைத்த 1930களின் மாத இதழ்கள் தொட்டாலே நொறுங்குகின்றன. சுண்ணாம்புத் தெளிநீரில் நனைத்தெடுத்தால் அமிலம் போய்விடும் என்கிறார் பைண்டிங் கடைக்காரர். போனதா இல்லையா என்று அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு பார்க்கலாமாமே, உண்மையா?
— காரைக்குடி வாசகர்

பதில்: பார்க்கலாம். ஆனால் முதலில் அவர் கையிலிருந்து வாளியை வாங்கி வையுங்கள். யோசனை தப்பில்லை, அமெரிக்காவில் தாள் பாதுகாப்பு முன்னோடியான வில்லியம் பாரோ சுண்ணாம்பு நீரில்தான் தொடங்கினார். ஆனால் அப்பளமாகிவிட்ட தாளை வாளியில் முக்கினால் கையில் கூழ்தான் வரும்.

மை ஊறாமலிருக்க அந்தக் காலத்துத் தாளில் பைன் பிசினோடு படிகாரம் சேர்த்தார்கள். அதிலிருந்து பிறக்கும் அமிலம், தாளின் நாராக இருக்கும் செல்லுலோஸ் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கிறது. தாள்மேல் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சினால், நாரோடு ஒட்டிய அமிலத் தொகுதி தனக்குரிய அலையை விழுங்கும். சென்டிமீட்டருக்கு 1730 அலைகள் என்ற இடத்தில் வரைபடத்தில் ஒரு மேடு எழும். கால்சியம் வந்து அமிலத்தை அடக்கினால் அந்த மேடு 1600 பக்கம் நகர்ந்துவிடும். மிஞ்சிய சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து கார்பனேட்டானால், 1420 அருகிலும் 875 அருகிலும் அடையாளம் தெரியும்.

படிக்கும்போது சுலபம்தான். பழைய தாள்களைப் பாதுகாக்கும் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஓர் ஐப்பசி மழைநாளில், சுண்ணாம்பு நீர் கண்ட தாளொன்றைக் கருவியில் வைத்தேன். 1640இல் கொழுத்த மேடு! அமிலம் அடங்கிவிட்டது என்று ஆய்வகத்துப் பெரியவரிடம் ஓடினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட கண்ணாடிக் கலத்தில் இரவு முழுக்க மூடிவைத்து, காலையில் மறுபடி அளக்கச் சொன்னார். மேடு பாதிக்குமேல் கரைந்திருந்தது. "நீ அளந்தது மழையை" என்றார். தாள் குடித்திருந்த ஈரம்! தண்ணீரின் மேடும் ஏறக்குறைய அதே பக்கத்தில்தான் வரும்.

இன்னொரு வம்பு மரக்கூழ்த் தாளில். அங்கே 1730 அருகே மரத்திலேயே இயல்பாக இருக்கும் அசிட்டைல் என்ற வேதித் தொகுதிகளும் நிற்கும். அமிலம் போனாலும் அவை நகராது. ஆகவே சிகிச்சைக்கு முன் எடுத்த பதிவு இல்லாமல் பின்னால் எடுத்ததை நான் நம்புவதில்லை. தாளைப் படிகத்தில் அழுத்தி அளக்கும் முறையில் கதிர் ஓரிரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழமே இறங்கும். தாளோ நூறு மைக்ரான் தடிமன். மேலே படிந்த சுண்ணாம்புத் தூள்கூட வெற்றிபோலக் காட்டும். அதனால் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் சேர்த்தே பார்ப்போம்.

அமிலத்தை நீக்கினாலும் அறுந்த சங்கிலி ஒட்டாது. மேலும் அறுபடுவதுதான் குறையும். உங்கள் இதழ்களை முதலில் படமெடுத்துவிடுங்கள். பிறகு அமிலமில்லாத உறைகளில் இட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். உதிர்ந்த ஓரத் துணுக்குகளைப் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். எந்த இதழிலிருந்து உதிர்ந்தது என்று குறித்து எடுத்துவையுங்கள். கருவிக்கு நகக்கண் அளவு போதும்.