‘ஐ ஆம் கோ’ – ஒரு டீச்சரின் கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

முக்கூடல் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், என் பொறுப்பில். ‘ஹெல்பிங் வெர்ப்’ (துணைவினை) பட்டியலை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன். ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். எழுதச் சொன்னால் ‘ஐ ஆம் கோ டு ஸ்கூல்’, ‘திஸ் மை ஹவுஸ்’, ‘டிட் யூ வென்ட்’. ஆய்வுக்கு வந்த ஒருவர், ஆங்கில வகுப்பில் தமிழ் பேசுவதால்தான் இப்படி என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கிருந்து தொடங்குவது? தனியாகப் பயிற்சி கொடுக்க நேரமும் கிடையாது.

– ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

முதல் வேலையாக அந்தப் பட்டியலைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள். இலக்கணப் புத்தகங்கள் வழக்கமாக 23 சொற்களை வரிசையாகத் தருகின்றன. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் பாதிகூட வேண்டாம். ‘மைட்’, ‘ஷுட்’, ‘பீன்’ எல்லாம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகள் செய்கிற தப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ‘திஸ் மை ஹவுஸ்’ என்று எழுதுகிற பிள்ளை தமிழில் சரியாகவே யோசித்திருக்கிறது. ‘இது எங்க வீடு’ என்பதில் வினைச்சொல் எங்கே இருக்கிறது? ‘ஐ ஆம் கோ’வுக்குக் காரணம் வேறு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே ‘ஐ ஆம் முத்து’, ‘ஐ ஆம் எ பாய்’ என்று சொல்லிச் சொல்லி, ‘ஐ ஆம்’ இரண்டும் ஒட்டிப்போய் ‘நான்’ என்ற ஒரே சொல்லாக அதன் மனசில் உட்கார்ந்துவிட்டது. நான் போறேன், ஐ ஆம் கோ. அதன் கணக்கு அதற்குச் சரி. ‘ஐ லைக்’, ‘ஐ கேன்’, ‘ஐ வான்ட்’ எல்லாம் அதே காலத்தில் காதில் விழுந்திருந்தால் இந்த ஒட்டு விழுந்திருக்காது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ‘ஆம், இஸ், ஆர்’ரில் தொடங்குகின்றன. என்னைக் கேட்டால் ‘கேன்’தான் முதலில் வர வேண்டும். ‘ஆம், இஸ், ஆர்’ ஆளுக்கு ஆள் மாறும். ‘கேன்’ யாருக்காகவும் மாறாது. ஐ கேன், ஹீ கேன், தே கேன். கடைசியில் ‘எஸ்’ கிடையாது. முன்னால் தூக்கிப் போட்டால் கேள்வி, பின்னால் ‘நாட்’ சேர்த்தால் மறுப்பு. ஒரு துணைவினை என்னென்ன வேலை செய்யும் என்பது முழுக்க இந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும். (தண்ணிக் கேன் என்று சிரிப்பார்கள். ஒரு நாள் சிரிக்கட்டும்.) ஆற்றங்கரைப் பிள்ளைகளிடம் ‘கேன் யூ ஸ்விம்?’ என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லப் போட்டி போடுவார்கள். அந்த வேலை பிடிபட்ட பிறகு ‘ஆம், இஸ், ஆர்’ருக்கு வந்தால் ஆள் மாறுவதை மட்டும் புதிதாகக் கற்றால் போதும்.

சிக்கல் பிடித்தது ‘டூ, டஸ், டிட்’ மூன்றும்தான். இங்கே தமிழைக் கூப்பிடுங்கள். ‘போய்க்கிட்டு இருந்தேன்’ என்று பிள்ளை சொல்கிறது. நேற்று நடந்தது என்பதும், செய்தது நான் என்பதும் ‘இருந்தேன்’ என்பதில் மட்டும்தான் இருக்கின்றன. ‘போனேன் இருந்தேன்’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. காலத்தை ஒரு சொல்தான் சுமக்கும் என்பது அதற்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். தமிழில் அந்தச் சொல் கடைசியில் நிற்கிறது, ஆங்கிலத்தில் முதலில் நிற்கிறது. ‘டிட்’ வந்து காலத்தை வாங்கிக்கொண்டால் ‘வென்ட்’ பழையபடி ‘கோ’ ஆகிவிட வேண்டியதுதான்.

இதை வகுப்பில் ஆட்களை வைத்தே காட்டலாம். மூன்று பிள்ளைகள் ‘முத்து’, ‘ப்ளே’, ‘கபடி’ என்று அட்டை பிடித்து வரிசையாக நிற்கட்டும். ‘எஸ்’ அட்டையோடு இன்னொரு பிள்ளை ‘ப்ளே’யை ஒட்டி நிற்கட்டும்: ‘முத்து ப்ளேஸ் கபடி.’ இனி கேள்வி. ‘டூ’ அட்டைக்காரன் வந்து முத்துவுக்கு முன்னால் நிற்கிறான். அவன் வந்ததும் ‘எஸ்’ ஓடிப்போய் அவனோடு சேர்ந்துகொள்ள வேண்டும்: ‘டஸ் முத்து ப்ளே கபடி?’ (நடுவில் ஓர் ‘ஈ’ எழுத்து முளைப்பதை இன்றைக்குப் பெரிதுபடுத்த வேண்டாம்.) ‘ப்ளே’கிட்ட இப்ப ‘எஸ்’ இருக்கா என்று கேளுங்கள். “இல்ல டீச்சர், டூகிட்ட போயிட்டு” என்று வகுப்பே சொல்லும். ‘டஸ் முத்து ப்ளேஸ்’ என்று பிறகு யாராவது எழுதினால், நோட்டில் சிவப்புக் கோடு போடுவதைவிட, ‘எஸ்’ எங்கே ஓடுச்சு என்று கேட்டால் போதும்.

அப்புறம், பதில் சொல்கிற முறை. இதைப் பலர் கவனிப்பதில்லை. நம் ஊரில் ‘சாப்பிட்டியா?’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்போம், ‘வாரியா?’ என்றால் ‘வாரேன்’. கேட்ட வினையையே திருப்பிச் சொல்வது நம் வழக்கம். ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வது துணைவினையை. ‘டூ யூ லைக் அல்வா?’ – ‘யெஸ், ஐ டூ.’ ‘கேன் யூ ஸ்விம்?’ – ‘நோ, ஐ கான்ட்.’ அதனால் ‘யெஸ் லைக்’ என்று பதில் வந்தால் அதுவும் தமிழ்க் கணக்குதான், திட்டாதீர்கள். இந்தக் குட்டிப் பதில்களில் முக்கிய வினையே வராததால் துணைவினை தனியாகக் காதில் விழும். கோடிட்ட இடத்தை நிரப்புவது இதற்குப் பக்கத்தில்கூட வராது. அதில் மூன்றில் ஒன்றை ஊகித்து எழுதிவிட்டுப் பிள்ளை விளையாடப் போய்விடும்.

தமிழ் பேசலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு நுணுக்கத்தை ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தில் சொல்லுங்கள், மிச்ச நேரம் ஆங்கிலத்திலேயே கேளுங்கள், பேச விடுங்கள். நேரம் முழுக்கத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தால் ஆய்வுக்கு வந்தவர் சொன்னது பலித்துவிடும். ஆனால் தமிழே கூடாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1841இல் நம் இடையன்குடிக்கு வந்து குடியேறிய கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்டார். மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அந்தப் புத்தகத்தின் வேலையே. ‘இருந்தேன்’, ‘வாஸ்’ இரண்டையும் நீங்கள் பலகையில் அடுத்தடுத்து எழுதினால் என்ன குறைந்துவிடும்?

‘ஹாவ், ஹாஸ்’ இரண்டும் ‘ஐ ஹாவ் எ பென்’ அளவில் இருக்கட்டும். அங்கே அது துணைவினையே இல்லை. ‘ஐ ஹாவ் ஃபினிஷ்ட்’ ஆறாம் வகுப்புக்குப் போய் வரட்டும்.

நேரம் இல்லை என்றீர்கள். காலையில் வருகைப் பதிவு எடுக்கத்தானே செய்கிறீர்கள்? ‘பிரசன்ட் டீச்சர்’ வேண்டாம். பேரைச் சொல்லி ஆளுக்கு ஒரு கேள்வி கேளுங்கள். இந்த மாதம் முழுக்க ‘கேன்’, அடுத்த மாதம் ‘ஆர் யூ’, அதற்கடுத்து ‘டூ யூ’. ‘டிட்’டுக்குத் திங்கட்கிழமை தோதான நாள். ‘டிட் யூ கோ டு த ரிவர்?’ என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் தெரியாமல் குளிக்கப் போனவன் ‘நோ, ஐ டிடின்ட்’ என்பான். பக்கத்தில் இருப்பவன் ‘யெஸ் டீச்சர், ஹி டிட்’ என்பான்.