எதுக்குப் பஞ்சம்? ஃபேன்டசி நாவல்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ரெண்டு வருஷமா இங்கிலீஷ்ல ஃபேன்டசி நாவலா படிச்சுட்டு இருக்கேன், யார்கிட்டயும் மனசுவிட்டுப் பேச முடியல, அதான் உங்களுக்கு எழுதுறேன். பட்டதை அப்படியே சொல்றேன், தப்பா இருந்தா திட்டுங்க. ரெபெக்கா யாரோஸோட 'ஃபோர்த் விங்' ரெண்டே ராத்திரில முடிச்சேன், மூணாவது நாள் யோசிச்சுப் பார்த்தா ஒண்ணுமே நினைவில்ல, டிராகன் இருந்துச்சு, ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டே காதலிச்சாங்க, அவ்வளவுதான். பிராண்டன் சாண்டர்சனோட 'விண்ட் அண்ட் ட்ரூத்' 400 பக்கத்துல மூடி வச்சுட்டேன், ஈட்டி பிடிச்ச ஆளுங்க எல்லாம் கவுன்சலிங் ரூம்ல உக்காந்த மாதிரி பேசுறாங்க. ஆர்.எஃப். குவாங்கோட 'பேபல்' ஐடியா பிரமாதம், ஆனா அடிக்குறிப்பு மேல அடிக்குறிப்பு போட்டு பாடம் எடுக்குறாங்க. உயிரா இருந்தது சுசானா கிளார்க்கோட 'பிரனேசி' ஒண்ணுதான், அதுல சண்டைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னா சீன் போடாதடாங்குறாங்க. எனக்கு ஃபேன்டசியே பிடிக்கலையா, இல்ல இந்த புக்குங்கதான் சரியில்லையா? அப்புறம் பாதில விட்ட புக்கைப் பத்தி அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை இருக்கா? பேரு போட வேண்டாம்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

ரெண்டாவது கேள்வி சுலபம், அதை முதல்ல முடிச்சிடுறேன். தாராளமா சொல்லலாம். 400 பக்கம் படிச்சிருக்கீங்க, பல நாவல் அதுக்குள்ள முடிஞ்சே போயிரும். எந்த இடத்துல மூடினீங்க, ஏன் மூடினீங்கன்னு சேர்த்துச் சொல்லிட்டா போதும், கேக்குறவங்க அதை வச்சு எடை போட்டுக்குவாங்க. முடிவைப் பத்தி மட்டும் பேச வேண்டாம், அது கடைசி வரைக்கும் போனவங்க பேச வேண்டியது.

முதல் கேள்விக்குத்தான் நேரம் எடுத்துக்கிட்டேன், உங்க கடிதத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நாலு புக்கையும் மறுபடி புரட்டினேன். உங்களுக்கு ஃபேன்டசி நல்லாவே பிடிக்கும். 'பிரனேசி' பிடிச்சவருக்கு இதுல சந்தேகமே வர வேண்டியதில்ல.

அதுல அந்த அல்பட்ராஸ் பறவை வர்ற இடம் ஞாபகம் இருக்கா? ஒரு பெரிய வீடு, முடிவே இல்லாத மண்டபங்க, எங்க திரும்பினாலும் சிலை, கீழ்த்தளத்துல கடல் புகுந்து அலை ஏறி இறங்குது, அதுல ஒருத்தன் மீன் பிடிச்சுக்கிட்டு, கடல்பாசி காய வச்சுக்கிட்டு, நாட்குறிப்பு எழுதிக்கிட்டு வாழுறான். பறவை ஜோடி கூடு கட்டப் பார்க்குது, கட்டுறதுக்கு அங்க என்ன இருக்கு, கல்லும் தண்ணியும்தான். இவன் குளிருக்கு எரிக்கன்னு சேர்த்து வச்சிருக்கிற காஞ்ச பாசில ஒரு பங்கை அள்ளிக்கிட்டுப் போய் கொடுக்குறான். கொடுக்குறதுக்கு முன்னாடி யோசிக்கிறான், இவ்வளவு பாசி போயிட்டா சில நாள் குளிர்ல கிடக்கணுமேன்னு. இந்த உலகத்துக்குப் புதுசா ஒரு பறவை வரப்போகுது, அதுக்கு முன்னாடி இந்தக் குளிரெல்லாம் ஒரு பெரிய விஷயமான்னு அவனே பதிலும் சொல்லிக்கிறான். அந்தப் பறவை வந்ததை வச்சுத்தான் அந்த வருஷத்துக்கே பேரு வைக்கிறான். முதல் தடவ படிச்சப்ப அந்தப் பக்கத்துல புக்கைக் கவுத்து வச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

அந்த வீட்டை யார் கட்டினாங்க, அவன் எப்படி அங்க வந்தான், எதையும் கிளார்க் அப்போ சொல்லல. ஆனா அங்க எதுக்குப் பஞ்சம்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. காஞ்ச பாசிக்கு. அது தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து அந்த வீடு எனக்கு நிஜம், அப்புறம் அவங்க என்ன சொன்னாலும் நம்புறதுக்குத் தயார். நான் எந்த ஃபேன்டசியை எடுத்தாலும் முதல்ல தேடுறது இதைத்தான், மேப் எத்தனை பக்கம், மந்திரத்துக்கு எத்தனை விதி, அதெல்லாம் அப்புறம். ஒரு உலகத்துல எது கிடைக்காதுன்னு அங்க வாழுற ஆளுக்குத் தெரியணும், தெரிஞ்சும் அதை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்கணும், இல்ல கொடுக்க முடியாம தவிக்கணும். (கிளார்க்கோட முதல் நாவல் 2004ல வந்துச்சு, 'பிரனேசி' 2020ல. நடுவுல அவங்க நாள்பட்ட களைப்பு நோயில பல வருஷம் படுத்துட்டாங்க. ஒரு வேலை செய்யணும்னா உடம்புல எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்குன்னு பார்த்துப் பார்த்து செலவு பண்ணினவங்க எழுதின புக்கு அதுன்னு தெரிஞ்சதும் அந்தப் பாசிக் கணக்கு எனக்கு இன்னும் கனமா ஆயிடுச்சு.)

இப்போ 'ஃபோர்த் விங்'. இதுல உங்களோட முழுசா ஒத்துப்போக மாட்டேன். ஆரம்பத்தை மறந்துட்டீங்க. கதாநாயகி வயலெட்டுக்கு மூட்டெல்லாம் சுலபமா நழுவிடும், அந்த உடம்பை வச்சுக்கிட்டு டிராகன் ஓட்டுற படைக்குப் போகச் சொல்லி அவ அம்மாவே அனுப்புறாங்க, அதுக்குள்ள நுழையணும்னா ரொம்ப உயரத்துல, ஒடுக்கமான ஒரு கல் பாலத்துல கைப்பிடி இல்லாம நடக்கணும், மழை வேற. அவளோட அக்கா கொடுத்த பூட்ஸ் அவ கால்ல இருக்கு, ரப்பர் அடி, வழுக்காது. வரிசைல நிக்கிற இன்னொரு பொண்ணோட பூட்ஸ் வழுக்குற ரகம். ரியானன்னு அவ பேரு, அவளை வயலெட்டுக்கு அப்பதான் தெரியும். வயலெட் தன்னோட ஒரு கால் பூட்ஸைக் கழட்டி அவளுக்குக் கொடுத்துட்டு அவளோட ஒண்ணை வாங்கிப் போட்டுக்குறா. ரெண்டு பேருக்கும் ஒரு கால் பிடிக்கும், ஒரு கால் வழுக்கும். யாரோஸை எத்தனை பேர் மட்டமா பேசினாலும் இந்த இடத்துக்காக நான் அவங்களுக்கு மரியாதை கொடுப்பேன், ஏன்னா இதுவும் அந்தப் பாசி மாதிரிதான், இருக்குறதே கொஞ்சம், அதுலயும் பாதி.

சிக்கல் அதுக்கப்புறம் வருது. தினம் காலைல செத்தவங்க பேரை வரிசையா வாசிக்கிறாங்க, வாசிச்சு முடிச்சதும் கதை கிளாஸ், சண்டைப் பயிற்சி, காதல்னு போய்க்கிட்டே இருக்கு. நேத்து வரைக்கும் பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தவனோட காலிக் கட்டிலை நின்னு பார்க்குற நேரம் கதைக்கு இல்ல. அங்க உயிருக்குப் பஞ்சம்னு ஆசிரியர் சொல்றாங்க, ஆனா கதை உயிரை வாரி இறைக்குது, அதான் உங்களுக்கு மூணாவது நாள் ஒண்ணுமே மிஞ்சல. 2023ல ஆறு மாச இடைவெளில ரெண்டு பாகம் வந்துச்சு, அந்த அவசரம் ரெண்டாவதுல இன்னும் நல்லாவே தெரியுது.

சாண்டர்சன் விஷயத்துல எனக்கு வருத்தமே இருக்கு, ஏன்னா இதே வரிசையோட முதல் நாவல் 'தி வே ஆஃப் கிங்ஸ்' (2010) எனக்கு ரொம்ப நெருக்கம். அதுல போர்க்களத்துல அடிமையா பாலம் தூக்குற காலடின், காயம்பட்ட தன் ஆளுங்களுக்கு மருந்து வாங்க வழியில்லாம, ஒரு செடியோட தண்டைக் கட்டுக்கட்டா அறுத்துட்டு வந்து ராத்திரில ஒவ்வொண்ணா பிழிஞ்சு சொட்டுச் சொட்டா பால் எடுப்பான். ஒரு கட்டு பிழிஞ்சாலும் சீசால அடி நனையுற அளவுதான் வரும். அந்த சீசா எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. 2024 டிசம்பர்ல வந்த அஞ்சாவது நாவலான 'விண்ட் அண்ட் ட்ரூத்'ல அதே காலடின் மனசு ஒடிஞ்சவங்களைத் தேத்துற வேலைக்கு வந்துட்டான், அது நல்ல யோசனைதான், ஒரு சர்ஜனோட மகன், சோர்வுல முங்கி எழுந்தவன், அவன் இதுக்குத்தான் வந்து சேரணும். ஆனா அவனுக்கு இதுக்கான சொல்லே கிடையாதே, அவன் உலகத்துல யாரும் இதைச் செஞ்சதில்ல, அந்தச் சொல்லுக்குத் தடவித் தடவித் தேடணும், தேடுறதுலதானே அழகு இருக்கு. அதுக்குப் பதிலா நம்ம காலத்துச் சொல்லு ரெடிமேடா வந்து விழுது. நீங்க 400 பக்கத்துல மூடினது இதுக்காகன்னா உங்க காது சரியா இருக்கு.

அமெரிக்க ஃபேன்டசி எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1973லயே இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரு ஃபேன்டசி நாவல்ல இருந்து ஒரு பேச்சை எடுத்து, நாலு வார்த்தையை மட்டும் மாத்தி, இது இப்போ வாஷிங்டன் அரசியல்வாதி பேசுறதுன்னு சொன்னா யாருக்கும் வித்தியாசமே தெரியாதுன்னு காட்டினாங்க. ஃபேன்டசில நடை மேல்பூச்சு இல்ல, அந்த உலகத்தைக் கட்டுறதே வாக்கியம்தான்னு அவங்க கட்சி. அதுக்காக இழுத்து வச்ச போலிப் பழைய நடையையும் அவங்க விடல, அதையும் சேர்த்துத்தான் கண்டிச்சாங்க.

'பேபல்' பாடம் எடுக்குதுன்னு சொன்னீங்க. எடுக்குது. வாசகர் தானே புரிஞ்சுக்குவார்னு குவாங் நம்பாத இடங்க நிறைய இருக்கு. ஆனா அந்தக் கதைல மந்திரம் பண்ணுற வெள்ளிக்கட்டியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் தம்பி. ஒரு பக்கம் ஒரு மொழிச் சொல், இன்னொரு பக்கம் அதோட மொழிபெயர்ப்புன்னு செதுக்கியிருக்கும், ரெண்டுக்கும் நடுவுல எது தொலையுதோ அதுதான் சக்தியா வெளிய வருது. ரெண்டு மொழில வாழுற யாருக்கும் இது மந்திரமாவே தோணாது, தினம் நடக்குறது. 'ஊடல்'னு ஒரு பக்கம் செதுக்கிட்டு மறுபக்கம் இங்கிலீஷ்ல எதை எழுதுவீங்க? எதை எழுதினாலும் கோபம் நிக்கும், அதுக்குள்ள இருக்குற செல்லம் போயிடும். அந்தப் போன செல்லம் அந்த வெள்ளில இருந்து என்னவா கிளம்பும்னு நான் ரெண்டு நாள் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இங்கயும் பஞ்சம் இருக்கு பாருங்க, மொழிங்க ஒண்ணோட ஒண்ணு கலந்து பழகப் பழக சொல்லுக்கு வீரியம் குறையுது, அதான் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் சீனாவோட கான்டன்ல இருந்தும் கல்கத்தால இருந்தும் பசங்களைக் கொண்டு வருது. கதையோட கொடுமை முழுக்க இந்த ஒரு பஞ்சத்துல இருந்துதான் முளைக்குது. அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்ட்டு இன்னொரு தடவ படிச்சுப் பாருங்களேன்.

அடுத்து என்ன படிக்கலாம்னு நீங்க கேக்கல, ஆனா சொல்லாம விட மனசு வரல. இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவோட 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்', 2023ல வந்தது, அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் கொடுக்குற நெபுலா விருது வாங்கினது. குழந்தை பொறந்த உடனே அம்மா ஒரு பெரிய பித்தளை ஆணியால அதோட நிழலைத் தரையில அடிச்சுப் பிச்சு எடுத்துடுறா. பெரியவனானதும் அவனோட அப்பாவையே கொல்லணும்னு வளர்க்குறா. அவனோ நகரத்துக்குப் போய், ஒரு பெரிய காரியத்துக்குன்னு விதியால தேர்ந்தெடுக்கப்பட்டவனா ஆகாமப் போனவங்களோட உக்காந்து பேசுற ஒரு குழுவுல சேர்ந்துடுறான். இதுவும் உக்காந்து பேசுறதுதான், ஆனா உங்களுக்கு 'விண்ட் அண்ட் ட்ரூத்'ல வந்த எரிச்சல் இதுல வராதுன்னு நினைக்கிறேன், வந்தா ஏன்னு எனக்கு எழுதுங்க.

ஃப்ரெண்ட்ஸ் சொல்றதை விடுங்க, அவங்ககிட்ட 'ஃபோர்த் விங்' பத்திப் பேசும்போது அந்தப் பூட்ஸ்ல இருந்து ஆரம்பிங்க, அவங்களுக்கும் அது பிடிச்சிருக்கும்.

அன்புடன்,
அக்கா