கெட்டதா, திரிந்ததா?

கேள்வி: கெட்டுப்போன பாலைக் கொட்ட மனசு வரவில்லை. கேக் மாவில் ஊற்றலாமா? பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போலிப் பால் எதைச் சேர்ப்பது? (வாசகி ஒருவர்)

பதில்: ‘கெட்டுப்போன’ என்று எழுதிவிட்டீர்களே! இலக்கணத்தில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். ‘ம்’ காணாமல் போய்விட்டது, அது கெடுதல். பாலும் கடலும் சேர்ந்தால் பாற்கடல். ‘ல்’ எங்கும் ஓடிவிடவில்லை, ‘ற்’ வேஷம் போட்டுக்கொண்டு அங்கேயே நிற்கிறது, அது திரிதல். (பாற்கடல் என்று எழுதினால் உடனே ‘பால்கடல் போதாதா?’ என்று கடிதம் போடும் அன்பர் ஒருவர் இருக்கிறார். ஐயா, இந்த மாதமும் போடுங்கள். ‘ற்’ தொடரும்.)

பால் புளிப்பதும் திரிதல்தான். பாக்டீரியா லாக்டோஸை லாக்டிக் அமிலமாக்குகிறது. சமையல் சோடா எதிர்பார்த்துக் காத்திருப்பது அந்த அமிலத்தைத்தான். இரண்டும் சந்தித்தால் கரியமில வாயு கிளம்பி, மாவுக்குள் குமிழி உண்டாகும். தோன்றல்! அமிலம் இல்லாமல் சோடாவை மட்டும் போட்டால் கேக்கில் சோப்பு வாடைதான் மிஞ்சும். ஒரு கப் பாலும் 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் கேட்கும் குறிப்பு என்றால், அவற்றுக்குப் பதில் ஒரு கப் புளித்த பாலும் அரை டீஸ்பூன் சோடாவும் போடலாம்.

எந்தக் கப் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், நானும் வருஷக்கணக்காக அதைத்தான் கேட்கிறேன். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250. டேபிள்ஸ்பூன் மற்ற ஊர்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. சமையல் குறிப்பு எழுதுகிறவர்களிடம் ‘கிராமில் எழுதுங்கள்’ என்று கெஞ்சினால், ‘கைப்பக்குவம் சார்’ என்கிறார்கள். கையிலேயே பக்குவம் இருப்பவர் குறிப்பைத் தேடி ஏன் வரப்போகிறார்?

சரி, கெடுதலுக்கு வருவோம். பழைய புத்தகங்கள் சொல்லும் புளித்த பால், காய்ச்சாத பச்சைப் பால் புளித்தது. இன்றைய பாலைப் பெரும்பாலும் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி அடைக்கிறார்கள். புளிக்கவைக்கும் கூட்டம் ஏறக்குறைய அதிலேயே முடிந்துவிடும். தப்பிப் பிழைத்ததும் பின்னால் வந்து சேர்ந்ததும் புரதத்தையும் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும். அப்போது வருவது புளிப்பு இல்லை, கசப்பும் நாற்றமும். லேசான புளிப்பு வாசனை மட்டும் என்றால் கேக்குக்கு ஆகும். கசந்தால், நூல் விட்டால், பூஞ்சை தெரிந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். அடுப்புச் சூடு பாக்டீரியாவைக் கொல்லும். அது விட்டுப்போன விஷம் சில சமயம் அந்தச் சூட்டுக்கும் அசையாது. அதற்கு நல்ல பாலை நீங்களே திரித்துக்கொள்வது மேல்: 240 மில்லிக்கு 15 மில்லி எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பத்து நிமிஷம் வையுங்கள்.

அப்புறம், ‘போலி’. இலக்கணத்தில் அது வசவே இல்லை. பந்தலைப் பந்தர் என்றாலும் நிழல் அதேதான். அப்படிப் பொருள் மாறாமல் நிற்பதில் சோயாப் பால் முதலிடம்: புரதம் பசும்பாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வினிகர் விட்டால் திரியவும் செய்யும். அரிசிப் பால் திரியாது. போகட்டும், சோடாவுக்கு வேண்டியது அமிலம், திப்பி இல்லை. கெட்டித் தேங்காய்ப்பாலில் கொழுப்பு அதிகம். வெண்ணெயைக் கொஞ்சம் குறையுங்கள்.

இதையெல்லாம் பால் என்று எழுதி விற்கக் கூடாது என்று 2017 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டது. விதிவிலக்குப் பட்டியலில் பெயர் இருந்ததால் தேங்காய்ப்பால் தப்பியது. கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் உள்ள மொழியில் இந்த வழக்கை எடுத்திருந்தால் நீதிபதிகள் என்ன செய்திருப்பார்களோ! அவை இரண்டையும் மட்டும் கேக்கில் ஊற்றிவிடாதீர்கள், அம்மா.