சீனம் பேச வருகிறது, எழுத வரவில்லையே?

கேள்வி: காரைக்குடியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டுகள் இருந்தபோது சீனம் கற்று, எச்.எஸ்.கே. என்ற சீனமொழித் தேர்வில் ஆறாம் நிலை தேறினேன். சீனாவின் ஃபோஷான் நகரத்து டைல்ஸ் ஆலைக்காரர்களிடம் தொலைபேசியில் தடையில்லாமல் பேசுகிறேன். ஆனால் என் கடிதங்கள் பள்ளிப்பிள்ளை எழுதியதுபோல் இருக்கின்றனவாம். மூன்று மாதத்தில் சரிசெய்து சான்றிதழும் தருவதாக ஒருவர் முப்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். ஆத்தங்குடிக் கல்லைத் தண்ணீரில் ஊறவிடாமல் எடுத்து விற்பவரிடம் நீங்கள் வாங்குவீர்களா?

உங்கள் குறை சொல்வளம் அல்ல. பேசுவதை அப்படியே எழுதுகிறீர்கள். வீட்டுப் பேச்சில் வங்கி மேலாளருக்கு நாம் மனு எழுதுவோமா? சீனத்திலும் அப்படித்தான். பேச்சில் 'ருகுவோ' என்றால் 'என்றால்' என்று பொருள். கடிதத்தில் அது 'ருவோ' என்று சுருங்கும். 'உங்கள் கம்பெனி' என்பதற்கு எழுத்தில் 'குய் கோங்ஸி'. விலை உயர்ந்தது என்று சொல்லும் அதே 'குய்'தான் இங்கே மரியாதைக்கு வருகிறது.

இன்னொன்று, ஆங்கிலப் பாடநூல் வழியாகச் சீனம் கற்றவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் 'வோ', 'வோ' என்று 'நான்' போடுவார்கள், துண்டுதுண்டாக முடிப்பார்கள். சீனரோ காற்புள்ளி போட்டு நாலைந்து செயல்களைத் தொடுத்துக்கொண்டே போய், கடைசியில்தான் குட்டி வட்டமாக முற்றுப்புள்ளி வைப்பார். 'சரக்கு வந்து, பெட்டி பிரித்து, உடைந்ததை எண்ணி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்' என்று நாம் எழுதுவதில்லையா, அதேதான். தாய்ப்பாலோடு வந்த பழக்கத்தை ஆங்கிலத்தைச் சுற்றிப் போய்த் தொலைத்துவிட்டோம்.

ஆலையிலிருந்து வந்த பழைய கடிதம் ஒன்றை எடுத்து இரண்டு முறை படியுங்கள். மூடி வைத்துவிட்டு அதே செய்தியை நீங்களே எழுதுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, அவர் போட்ட சொல் உங்களுக்கு வராத இடங்களைச் சிவப்பு மையால் சுழியுங்கள். வாரத்துக்கு இரண்டு கடிதம், ஆறு மாதம். கடல்கடந்து கொண்டுவிற்கப் போன செட்டியார் கடைகளில், வேலை பழக வந்த பெட்டியடிப் பையன் மேலாளின் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே பழகினான்?

சான்றிதழ்க்காரரைவிட ஆபத்தானவர் 'கடிதத்தைக் கொடுங்கள், நானே அழகாக்கி அனுப்பிவிடுகிறேன்' என்பவர். தேவகோட்டைக்காரர் ஒருவர் நான்கு ஆண்டுகள் இப்படிக் கடிதத்துக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். எந்தச் சொல் ஏன் மாறியது என்று ஒருநாளும் அவருக்குக் காட்டப்படவில்லை. அந்தத் தரகர் ஆலையிடமும் கமிஷன் வாங்கியது பின்னால்தான் தெரிந்தது. திருத்துகிறவர் உங்கள் தாளிலேயே திருத்த வேண்டும். அனுப்புவது உங்கள் கையாக இருக்க வேண்டும். நான்கெழுத்துப் பழமொழித் தொகுப்பு விற்பவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தேர்வை நம்பியதில் உங்கள்மேல் தவறில்லை. ஆனால் அந்த ஆறாம் நிலையில் என்ன எழுதச் சொன்னார்கள்? ஆயிரம் எழுத்துக் கட்டுரையைப் பத்து நிமிடம் காட்டிவிட்டு வாங்கிக்கொண்டு, 35 நிமிடத்தில் 400 எழுத்தில் சுருக்கச் சொன்னார்கள். சொந்தக் கருத்தே கூடாது. உடைந்த சரக்குக்கு ஈடு கேட்டு எழுதத் தெரியுமா என்று யாரும் சோதிக்கவில்லை. ஐயாயிரம் சொல்லை மனப்பாடம் செய்யவைத்து, ஒரு நேர்மையான கடிதம் எழுதக் கற்றுத்தராத ஏற்பாடு இது. எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

கையால் எழுதிப் பழக வேண்டாம். சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யினைத் தட்டினால் போதும். ஒரே விலக்கு, பணத்தொகை. சீனத்தில் ஒன்று என்பது ஒரு கிடைக்கோடு. இன்னொரு கோடு சேர்த்தால் இரண்டு, மேலும் ஒன்று சேர்த்தால் மூன்று, நெடுக்காக ஒன்று இழுத்தால் பத்து. அதனால்தான் ஒப்பந்தத்திலும் ரசீதிலும் தொகைக்கென்று, எளிதில் திருத்த முடியாத, கோடுகள் மிகுந்த தனி எண்ணெழுத்துகள் உண்டு. ஒலி ஒன்றேதான், எளிய ஒன்றுக்கும் கோடு மிகுந்த ஒன்றுக்கும் 'யி' என்றே தட்டுவீர்கள், அவசரத்தில் எளியதைத் தொட்டுவிடுவீர்கள். ஒன்று முதல் பத்து வரை, நூறு, ஆயிரம் ஆகப் பன்னிரண்டையும் கண்ணை மூடினாலும் வரும்படி எழுதிப் பழகுங்கள். தொகை முடிந்ததும், காசோலையில் நாம் 'மட்டும்' போடுவதுபோல், 'ஜெங்' என்ற எழுத்தைப் போடுங்கள். அதற்குப் பின் இடம் விடாதீர்கள்.