பைபர் குழாய் வளைந்தால் என்ன ஆகும்? வாசகர் கேள்விகள்

இரும்புக் குழாயை எடுத்துவிட்டு அதே அளவில் பைபர் கிளாஸ் குழாய் போட்டேன். நடுவில் நன்றாகத் தொங்குகிறது. சரக்கு மட்டமா?

இல்லை. இரும்பின் விறைப்பு சுமார் 200 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). கடையில் கிடைக்கும் பைபர் கிளாஸ், அதாவது கண்ணாடி இழைக் குழாய்க்குப் பெரும்பாலும் 20 முதல் 40தான். அதே அளவில் போட்டால் ஐந்து மடங்கோ அதற்கு மேலோ தொங்கத்தான் செய்யும். சுவரைத் தடிமனாக்குவதைவிட விட்டத்தைக் கூட்டுங்கள். மெல்லிய சுவர்க் குழாயில் தடிமனை மாற்றாமல் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும்.

இரண்டு முனையிலும் தாங்கு கொடுத்து நடுவில் எடை ஏற்றினோம். கீழ்ப்பக்கம் கிழியும் என்று நினைத்தால் மேல்பக்கம் நசுங்கிவிட்டதே?

இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். குழாய் வளையும்போது கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் அமுங்குகிறது. இழுத்தால் இழை அபாரமாகத் தாங்கும். அமுக்கினால் மெல்லிய நூல்போல மடங்கப் பார்க்கும்; அதை மடங்க விடாமல் பிடித்திருப்பது, இழைகளை ஒட்டவைக்கும் பிசினான ரெசின் மட்டுமே. ரெசினில் காற்றுக் குமிழியோ, இழையில் நெளிவோ இருந்தால் அங்கேதான் முதலில் போகும்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வளைய வளைய வட்டக் குழாய் முட்டை வடிவமாகத் தட்டையாகும். தட்டையானதும் விறைப்பு குறையும், இன்னும் வளையும். 1927இலேயே பிரேசியர் என்ற ஆய்வாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். எல்லா இழையும் நீளவாக்கில் ஓடும் குழாயில் இது மோசம், சுவர் நெடுக்காகப் பிளந்துவிடும். அதனால் குறுக்கே சுற்றிய அடுக்கு கொஞ்சமாவது இருக்கிற குழாயாகக் கேட்டு வாங்குங்கள். மூங்கிலின் கணுக்கள் செய்வதும் இதே வேலைதான்.

அப்புறம், எடையை ஒரே புள்ளியில் வைத்தீர்களா? அப்படியானால் அந்த இடமே நசுங்கியிருக்கும். குழாயின் வளைவுக்குச் செதுக்கிய மரக்கட்டையை வைத்து அதன்மேல் ஏற்றுங்கள். உள்ளே ஒரு மரத்துண்டைச் செருகினால் இன்னும் நல்லது.

உடைவதற்கு முன் ஏதாவது தெரியுமா?

இரும்புபோல வளைந்து நின்று எச்சரிக்காது. சடசடவென்று மெல்லிய சத்தம் கேட்டால் உடனே எடையை இறக்கிவிடுங்கள். கண்ணாடி இழையில் வெள்ளைத் திட்டு தெரியும். கார்பன் இழைக் குழாய் கறுப்பு என்பதால் அதுவும் தெரியாது. நாணயத்தால் தட்டிப் பாருங்கள், அடுக்கு பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாக இருக்கும்.

போல்ட் போட ஓட்டை எங்கே போடலாம்?

மேலும் கீழும் வேண்டாம். எடை எப்போதும் மேலிருந்தே வருமென்றால் பக்கவாட்டில், நடு உயரத்தில் போடுங்கள். வளைவால் வரும் இழுப்பும் அமுக்கமும் அங்கே மிகக் குறைவு. ஓட்டையே போடாமல் கிளாம்ப் வைக்க முடிந்தால் என் ஓட்டு அதற்குத்தான்.