பாறையில் ஆர்செனிக் கூடுதலாக இருந்தால் தங்கமும் இருக்குமா?

தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் பக்கம் எடுத்த பாறையைக் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியில் (எக்ஸ் கதிரால் தனிமங்களை அளப்பது) வைத்தால் ஆர்செனிக் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) காட்டுகிறது, தங்கம் காட்டவில்லை, விட்டுவிடலாமா என்று டர்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். தங்கம் கிடைத்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம்.

டன்னுக்கு 5 கிராம் தங்கம் இருந்தாலே நல்ல தாது. அந்த அளவு இந்தக் கருவியின் கண்ணுக்குத் தெரியாது. ஆர்செனிக் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். ஒவ்வொரு தனிமத்தையும் அது வெளிவிடும் எக்ஸ் கதிர்க் கோட்டை வைத்தே கருவி அறிகிறது. ஈயத்தின் கோடும் ஆர்செனிக்கின் முதன்மைக் கோடும் 10.5 கேஇவி (கதிரின் ஆற்றல் அலகு) அருகே ஒன்றன்மேல் ஒன்று விழும். ஈயம் அதிகமென்றால் ஆர்செனிக் கணக்கு தடுமாறும்.

தங்கமும் ஆர்செனிக்கும் சேர்ந்து வருவதற்குக் காரணம் கந்தகம். ஆழத்திலிருந்து 250 முதல் 400 டிகிரி சூட்டில் ஏறி வரும் நீரில் தங்கம் பைசல்ஃபைடு என்ற கந்தக அயனியோடு பிணைந்து கரைந்திருக்கும். அந்த நீர் இரும்புச்சத்துள்ள பாறைக்குள் புகுந்தால், இரும்பு கந்தகத்தைப் பிடுங்கிப் பைரைட் (இரும்பு சல்ஃபைடு) ஆகிவிடும். துணையை இழந்த தங்கம் அங்கேயே படியும். அதே நீரிலுள்ள ஆர்செனிக் பைரைட்டுக்குள் நுழையும், ஆர்செனோபைரைட் என்ற இரும்பு-ஆர்செனிக் சல்ஃபைடாகவும் படியும். ஆர்செனிக் கலந்த படிகம் தங்கத்தையும் எளிதில் உள்வாங்கும். இவற்றோடு வரும் இன்னொரு தனிமமான ஆன்டிமனி பெரும்பாலும் சூடு தணிந்த பிறகுதான் ஸ்டிப்னைட்டாக (ஆன்டிமனி சல்ஃபைடு) இறங்கும். லிம்போபோவின் மர்ச்சிசன் பட்டையில் ஆன்டிமனியோடு தங்கமும் எடுத்திருக்கிறார்கள்.

ஆர்செனிக் தங்கத்தைவிட அகலமாகப் பரவும். அதனால்தான் அது தேடுவோருக்கு வழிகாட்டி. ஆனால் தங்கமே இல்லாத கருங்களிப்பாறையிலும் பைரைட்டோடு ஆர்செனிக் இருக்கும்.

எனவே குவார்ட்ஸ் நரம்பையும் இருபுறச் சுவர்ப்பாறையையும் தனித்தனியாக 2, 3 கிலோ வெட்டியெடுங்கள். பளபளப்பான குவார்ட்ஸை மட்டும் பொறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சல்ஃபைடு சுவரிலும் இருக்கும். முழுவதையும் நொறுக்கி, 75 மைக்ரானுக்கு அரைத்து, 50 கிராமில் ஃபயர் அஸே (உருக்கித் தங்கத்தைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) கேளுங்கள். மறுசோதனையில் எண் தாறுமாறாக மாறினால் பெரிய துகள்களாகத் தங்கம் இருக்கலாம். அப்போது 1 கிலோவைச் சலித்துச் செய்யும் அஸே வேண்டும்.

தங்கத்தைச் சயனைடில் கரைத்து அளக்கும் சோதனையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். ஆர்செனோபைரைட்டுக்குள் அடைபட்ட தங்கத்தைச் சயனைடு தொடாது. பார்பர்ட்டனின் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல் பாக்டீரியாவை விட்டு அந்தச் சல்ஃபைடை அரிக்கவைப்பது இதற்காகத்தான். வீட்டு அடுப்பில் வறுத்துப் பார்க்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்: பூண்டு வாடையோடு எழும் வெண்புகை ஆர்செனிக் ட்ரையாக்சைடு, கொடும் விஷம்.

இந்தக் கணக்கை ஜோஹனஸ்பர்க் பக்கம் கொண்டுபோகாதீர்கள். விட்வாட்டர்ஸ்ராண்டின் கூழாங்கல் படிவங்களில் தங்கத்தின் கூட்டாளி யுரேனியம். அங்கே கதிரியக்கத்தை அளக்கும் காமா அளவிதான் உதவும்.